7 ஏக்கர் நெல்வயலுக்கு முதல் ரவுண்ட் பேலர்: எதைப் பார்த்து வாங்குவது?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் எங்களுக்கு 7 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. தண்ணீர் கிடைக்கும் ஆண்டில் குறுவையும் தாளடியும், மற்ற ஆண்டுகளில் சம்பா மட்டும் என்று சாகுபடி செய்கிறோம். தொழுவத்தில் ஐந்து கறவை மாடுகள் நிற்கின்றன. அறுவடை முழுவதும் வண்டியில்தான் என்பதால், வயலில் கிடக்கும் வைக்கோலை இயந்திரம் வந்து சுருட்டிக் கொடுத்தால்தான் மாட்டுக்குத் தீவனம் என்ற நிலை வந்துவிட்டது. கட்டும் வண்டிகள் வெளி மாவட்டங்களிலிருந்து வருகின்றன. பரப்பு அதிகம் உள்ளவர்களுக்கே முதலில் போகின்றன. கடந்த பருவத்தில் ஓர் உரிமையாளர் நாளை வருகிறேன், நாளை மறுநாள் வருகிறேன் என்று இழுத்தடித்ததில், நன்றாகக் காய்ந்து கிடந்த வைக்கோல் மழையில் நனைந்து கறுத்துவிட்டது. மாடு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆகவே வைக்கோலை உருளையாகச் சுருட்டிக் கட்டும் ரவுண்ட் பேலர் ஒன்றைச் சொந்தமாக வாங்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். என்னிடம் 42 எச்.பி. டிராக்டர் உள்ளது. இரண்டு விற்பனை நிலையங்களில் விசாரித்ததில், சிறிய உருளைக்கட்டு இயந்திரத்துக்கு மூன்றரை லட்சம் ரூபாயை ஒட்டி விலை சொன்னார்கள். எந்த அளவு, எந்த வகை, கட்டைச் சுற்றக் கயிறா வலையா, என் டிராக்டர் இழுக்குமா என்பதெல்லாம் எனக்குத் தெளிவாகவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஒரத்தநாட்டுக் கட்டுவண்டி எழுதியது:

வணக்கம் ஐயா. நான் கட்டும் வண்டியை வாடகைக்கு ஓட்டுபவன். தஞ்சாவூர், திருவாரூர் இரு மாவட்டங்களிலும் ஒவ்வொரு பருவத்திலும் ஓட்டுகிறேன். நீங்கள் கேட்ட வரிசையில் இல்லாமல், முதலில் முடிவாக வேண்டியதை முதலில் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் காணொளிகளில் நாலடி, ஐந்தடி விட்டத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும் உருளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை நூற்றுக்கணக்கான கிலோ எடை கொண்டவை. தூக்க முன்பக்க லோடர் வேண்டும், இறக்க அகலமான பாதை வேண்டும், சுருட்டும் டிராக்டரும் பெரியதாக இருக்க வேண்டும். வரப்பும் வாய்க்காலும் குறுக்கிடும் நம் வயலுக்கு அவை ஒத்துவரா. இங்கே பெரும்பாலும் ஓடுபவை சுமார் 60 செ.மீ. விட்டமும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் உள்ள கட்டுகளைப் போடும் சிறிய இயந்திரங்கள். காய்ந்த வைக்கோலில் ஒரு கட்டு 15 முதல் 25 கிலோ வரை வரும். ஓர் ஆள் தனியாகத் தூக்கித் தோளில் வைத்து வரப்பில் நடக்க முடிகிற எடை அது. எனவே அளவைப் பற்றி நீங்கள் குழம்ப வேண்டியதில்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது உங்கள் டிராக்டரை. 42 எச்.பி. தாராளமாகப் போதும். ஆனால் கிளட்ச் எந்த வகை என்பதைச் சொல்லவில்லையே? கட்டு நிறைந்ததும் வண்டியை நிறுத்த வேண்டும். ஆனால் பேலருக்குள் அந்தக் கட்டு சுற்றிக்கொண்டே இருந்தால்தான் கயிறு அதன் மேல் சுற்றும். அதாவது சக்கரம் நிற்க வேண்டும், எஞ்சினின் சுழற்சியைப் பேலருக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு ஓட வேண்டும். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் மிதித்தால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். ஒவ்வொரு கட்டுக்கும் மிதித்து, நியூட்ரலுக்கு மாற்றி, மறுபடி விட்டுக் கயிறு சுற்றவைப்பது ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை நடக்க வேண்டிய வேலை. ஓட்டுநரின் காலும் கிளட்ச் தட்டும் ஒன்றாகத் தேயும். இரட்டைக் கிளட்ச் அல்லது தனியாக இயங்கும் பி.டி.ஓ. இருப்பது அவசியம் என்றே நான் சொல்வேன். அடுத்து, பின்கதவைத் திறந்து கட்டை வெளியே தள்ள டிராக்டரில் கூடுதல் ஹைட்ராலிக் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பொருத்திக்கொள்ளலாம், அந்தச் செலவையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. என் டிராக்டரில் இரட்டைக் கிளட்ச் உள்ளது; கூடுதல் வால்வு இல்லை. விற்பனை நிலையத்தில் எச்.பி.யை மட்டுமே கேட்டார்கள், கிளட்சைப் பற்றி யாரும் பேசவில்லை. இயந்திரத்தின் உள்ளமைப்பில் செயின் வகை, உருளை வகை என்று இரண்டைச் சொன்னார்கள். அவற்றில் எது நம் வைக்கோலுக்கு நிற்கும்?

பட்டறைப்பக்கம் எழுதியது:

இந்த இயந்திரங்களைப் பிரித்துச் சேர்ப்பது என் தொழில் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். கட்டு உருவாகும் அறையின் அமைப்பில் உலகம் முழுவதும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் அறையின் அளவு மாறாது. வைக்கோல் உள்ளே தளர்வாகச் சுழன்று, அறை நிறைந்த பிறகுதான் வெளிப்புறம் இறுகத் தொடங்கும். அதனால் கட்டின் நடுப்பகுதி மென்மையாகவும் ஓரம் கெட்டியாகவும் இருக்கும். மற்றொன்றில் பெல்ட்டுகள் தொடக்கத்திலிருந்தே இறுக்கிப் பிடித்து, கட்டு வளர வளர விரிந்து கொடுக்கும். நடுவிலிருந்தே கெட்டியான கட்டு கிடைக்கும். நம் ஊரில் ஓடும் சிறிய இயந்திரங்கள் முதல் வகை. நடு மென்மையாக இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். சிறிது ஈரம் மிச்சமிருக்கும் வைக்கோலில் நடுப்பகுதி மூச்சுவிட இடம் இருப்பது நல்லதே.

இந்த முதல் வகைக்குள்தான் நீங்கள் கேட்ட பிரிவு வருகிறது. சிலவற்றில் இரும்பு உருளைகள் வட்டமாக அமைந்து வைக்கோலைச் சுழற்றும். சிலவற்றில் இரு பக்கச் செயின்களுக்கு இடையே பொருத்திய குறுக்குச் சட்டங்கள் சுழற்றும். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அது அரத்தைப் போல இரும்பைத் தேய்க்கும். நொறுங்கிய கூளத்தைச் சுழற்றத் தொடங்குவதில் செயின்–சட்ட அமைப்பு நன்றாகப் பிடிக்கும். ஆனால் செயின் நீளும், இறுக்கம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணெய் தவறக்கூடாது. உருளை அமைப்பில் அசையும் பாகங்கள் குறைவு. ஆனால் உருளையின் முனைப் பேரிங்குகளில் வைக்கோல் நார் சுற்றிக்கொண்டு, தூசி புகாமல் காக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்துவிடும். பேரிங் சூடாகும்போது சுற்றிலும் காய்ந்த கூளம் இருந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. மாலையில் வேலை முடிந்ததும் ஒவ்வொரு முனையையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்கையில் ஒன்று மட்டும் கையை வைக்க முடியாமல் சுட்டால், அதை அன்றிரவே மாற்றிவிட வேண்டும்.

ஆகவே இரண்டில் எது சிறந்தது என்பதைவிட, அந்தச் செயினும் பேரிங்கும், வயலில் கிடக்கும் வைக்கோலை அள்ளும் பிக்கப்பின் பற்களும் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் கிடைக்கின்றன என்று கேளுங்கள். கட்டும் பருவம் மிகக் குறுகியது. அதில் ஓர் உதிரிபாகத்துக்காக இயந்திரம் நின்றால், விற்பனைத் தாளில் எழுதியிருக்கும் வேகத்துக்கு ஒரு பொருளும் இல்லை.

சதுரக்கட்டு இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் கட்டு அடுக்குவதற்கு அருமையானது, லாரிக்காரர்கள் விரும்புவார்கள். ஆனால் விலை இதைவிடப் பல மடங்கு. முடிச்சுப் போடும் பகுதி நுட்பமானது, அது கெட்டால் பழக்கப்பட்ட கை வேண்டும். ரவுண்ட் பேலரில் முடிச்சே கிடையாது, கயிற்றைச் சுற்றி வெட்டிவிடும், அவ்வளவுதான். முதல் இயந்திரம் வாங்குபவருக்கு நான் ரவுண்ட் பேலரையே சொல்வேன்.

இன்னொன்றையும் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. வைக்கோல் அடைத்துக்கொண்டால் பி.டி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். ஓடுகிற பிக்கப்பில் சிக்கிய வைக்கோலை இழுக்கும் கையை, வைக்கோலோடு சேர்த்து இயந்திரம் இழுத்துக்கொள்ளும். விடுவித்துக்கொள்ள அவகாசமே இருக்காது. பின்கதவு திறந்திருக்கும்போது அதன் கீழே யாரும் குனியக்கூடாது. பி.டி.ஓ. தண்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். வேட்டி நுனியோ துண்டோ அதில் மாட்டினால் போதும்.

உளுந்துவயல் எழுதியது:

இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. வயலைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. வெண்ணாற்றங்கரை ஐயா, நீங்கள் சம்பாவுக்குப் பின் உளுந்து தெளிக்கிறீர்களா? எங்கள் பக்கத்தில் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாளுக்கு முன்பே, நிற்கும் நெல்லுக்குள் ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவோம். அறுவடை வண்டி இறங்கும்போது அது முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும். அறுவடை வண்டி ஒரு முறை மிதிக்கிறது. பிறகு வைக்கோல் காய இரண்டு மூன்று நாள். அதற்குப் பின் டிராக்டரும் பேலரும் ஒரு முறை மிதிக்கின்றன. கட்டுகளை ஏற்ற டிரெய்லர் இறங்கினால் இன்னொரு முறை. களிமண் வயலில் டயர் பதிந்த தடத்தில் ஒரு செடிகூடத் தலைதூக்குவதில்லை.

வைக்கோலை எடுக்காமலே விட்டாலும் நட்டம்தான். வரிசையாகக் குவிந்து கிடக்கும் வைக்கோலுக்கு அடியில் முளைத்த உளுந்து வெளிச்சமின்றி நூலாக நீண்டு வெளிறிப் போகிறது. ஆகவே எங்களுக்கு வேண்டியது விரைவில் எடுத்துவிடும் இயந்திரம். அதே நேரம் எடை குறைந்த இயந்திரம், அகலமான டயர். வாங்கும்போது இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

ஒரத்தநாட்டுக் கட்டுவண்டி எழுதியது:

உளுந்துவயல் சொல்வது முற்றிலும் சரி. வாடகைக்கு ஓட்டுபவன் என்ற முறையில் எனக்கும் வயல்காரருக்கும் வரும் சண்டையில் பாதி இதனால்தான். நான் கடைப்பிடிப்பது இது: அறுவடை வண்டியின் தடத்திலேயே என் டிராக்டர் சக்கரமும் போகும்படி பார்த்துக்கொள்வேன், அழிந்த தடம் மறுபடி மிதிபடுவதில் புது நட்டம் இல்லை. கட்டுகளை வயலுக்குள் டிரெய்லர் இறக்கி ஏற்றாமல், ஆள் வைத்து வரப்போரம் உருட்டிச் சேர்ப்போம். கட்டு உருண்டையாக இருப்பதன் வசதி அப்போதுதான் தெரியும்.

ஆனால் வைக்கோல் கட்டும் வேலை அறுவடை வண்டி ஓட்டுநரிடமே தொடங்குகிறது என்பதை நீங்கள் எல்லாரும் கவனிக்க வேண்டும். அவர் கத்தியை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி அறுத்துவிட்டால் வைக்கோலில் ஒரு பெரும்பகுதி அடித்தாளாக நிலத்திலேயே நின்றுவிடும். பேலரால் அதை எடுக்க முடியாது. தாழ்த்தி அறுக்கச் சொன்னால் வேகம் குறையும், டீசல் கூடும் என்று தயங்குவார்கள். அறுவடைக் கூலியைப் பேசும்போதே அறுப்பு உயரத்தையும் பேசி, வேண்டுமானால் சற்றுக் கூட்டிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, வண்டியின் வகை. டயருக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடும் பெல்ட் வண்டிகள் பலவற்றில் கதிர், தண்டோடு நீண்ட உருளைக்குள் சுழன்று வருவதால் வைக்கோல் நொறுங்கிவிடும். வைக்கோலை உலுக்கி வெளியே தள்ளும் அமைப்புள்ள டயர் வண்டிகளில் தாள் நீளமாக வரும். கட்டு உறுதியாக நிற்கும். வயல் ஈரமாக இருந்தால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் கதி. எனவே நொறுங்கிய வைக்கோலையும் அள்ளும்படி பிக்கப்பின் பற்கள் நெருக்கமாக உள்ள இயந்திரமாகப் பாருங்கள்.

பிக்கப்பின் உயரம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வைக்கோலும் தவறக்கூடாது என்று ஆசைப்பட்டுப் பற்களைத் தரையோடு இறக்கினால் மண்ணும் கூடவே வரும். பற்கள் அடித்தாளின் நுனியை ஒட்டி ஓட வேண்டும், தரையைக் கீறக்கூடாது. மண் சேர்ந்த கட்டு எடை நிற்கும், விலை நிற்காது.

காங்கேயத்துத் தொழுவம் எழுதியது:

நான் வாங்கும் பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் பண்ணைக்கு ஆண்டுதோறும் டெல்டாவிலிருந்து வைக்கோல் வருகிறது. கேரளத்துக்குப் போகும் லாரிகளும் அங்கேதான் ஏற்றுகின்றன. ஆகவே நல்ல கட்டுக்கு வாங்க ஆள் இல்லாமல் போவதில்லை. நாங்கள் பார்ப்பது என்ன என்று தெரிந்தால், நீங்கள் இயந்திரம் வாங்குவதற்கும் அது உதவும்.

முதலில் ஈரம். வைக்கோலில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே கட்ட வேண்டும். ஈரமானி இல்லாதவர்கள் ஒரு பிடி வைக்கோலை எடுத்துக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கிப் பாருங்கள். சலசலத்து நார் நாராக முறிந்தால் கட்டலாம். வளைந்து கொடுத்தால் பொறுக்க வேண்டும். தண்டு காய்ந்துவிடும், கணு காயாது; ஆகவே கணுவை நகத்தால் கீறிப் பார்த்து, பசுமையோ ஈரமோ தென்பட்டால் இன்னும் ஒரு வெயில் காட்டுங்கள். ஈரத்தோடு கட்டிய உருளையின் நடுவில் மூன்றாம் நாள் கையை நுழைத்தால் வெதுவெதுவென்று இருக்கும். சில வாரங்களில் பிரித்தால் வெள்ளைப் பூஞ்சணம் தூளாகப் பறக்கும். பூஞ்சணம் பிடித்த நெல் வைக்கோல் எருமைகளின் வால், காது, குளம்புப் பகுதிகளை அழுக வைக்கும் டெக்நாலா என்ற நோயோடு வட இந்தியாவில் தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. மாடு தின்றுவிடுமே என்று எண்ணி அதைப் போடக்கூடாது.

அடுத்து கயிறு. விலை குறைவு, அறுபடாது என்று பெரும்பாலானவர்கள் பிளாஸ்டிக் கயிற்றையே போடுகிறார்கள். கட்டைப் பிரிக்கிற ஆள் கயிற்றை முழுவதுமாக உருவாமல் துண்டு துண்டாக வெட்டிவிட்டால், அது தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் செரிக்காமல் பந்தாகத் திரண்டு தங்கிவிடும். சணல் கயிறு அப்படி இல்லை. ஆனால் ஈரத்தில் இற்றுப்போகும், எலியும் கடிக்கும். சொந்த மாட்டுக்கு வைத்துக்கொள்ளும் கட்டுகளுக்குச் சணல், விற்பனைக்குப் பிளாஸ்டிக் என்று இரண்டையும் ஏற்கும் இயந்திரமாக வாங்குவது நல்லது. வலை சுற்றும் இயந்திரம் சில சுற்றுகளிலேயே கட்டை முடித்துவிடும், வேகம் கூடும், உதிர்வும் குறையும். வலைக்கு ஆகும் செலவு அதிகம். அதையும் மாட்டிடமிருந்து முழுவதுமாக அகற்ற வேண்டும்.

வாங்கிய கட்டை யூரியா கலந்து பதப்படுத்துவோர், 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா என்ற கணக்கில் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்கிறோம். இறுகச் சுருட்டிய கட்டின் மேல் ஊற்றினால் உள்ளே இறங்காது. பிரித்து, அடுக்கடுக்காகப் பரப்பித்தான் தெளிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு அதைக் கொடுப்பதில்லை.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாங்கள் உளுந்து தெளிப்பது உண்டு. காங்கேயத்து அம்மா சொன்ன ஈரச் சோதனையை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இப்போது செலவுக் கணக்கில் ஒரு தெளிவு வேண்டும். நிலத்தில் 3 ஏக்கர் என் மனைவி பெயரில் இருக்கிறது. மானியம் கிடைக்குமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

வேளாண்பொறியாளர் எழுதியது:

கணக்கை வெளிப்படையாகவே போட்டுக் காட்டுகிறேன்; எண்களை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இயந்திர விலை 3,50,000 ரூபாய், எட்டு ஆண்டு உழைத்த பின் 70,000 ரூபாய்க்கு விற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் 35,000 ரூபாய். முதலும் முடிவுமான மதிப்பின் சராசரி 2,10,000 ரூபாய்க்கு 10 விழுக்காடு வட்டி 21,000 ரூபாய். ஆக, இயந்திரம் கொட்டகையில் சும்மா நின்றாலும் ஆண்டுக்கு 56,000 ரூபாய் போகிறது. ஏக்கருக்கு 40 கட்டு என்று கொண்டால் உங்கள் 7 ஏக்கரில் ஒரு பருவத்துக்கு 280 கட்டு. ஒரு கட்டுக்கு இந்த நிலைச்செலவு மட்டுமே 200 ரூபாய் ஆகிறது. வாடகை வண்டி கட்டுக்கு 40 ரூபாய் வாங்குகிறது என்றும், உங்களுக்குக் கயிறு, டீசல், ஓட்டுநர் கூலி எல்லாம் சேர்த்துக் கட்டுக்கு 20 ரூபாய் ஆகும் என்றும் கொண்டால், கட்டுக்கு 20 ரூபாய்தான் மிச்சம். 56,000 ரூபாயை ஈடுகட்ட 2,800 கட்டு, அதாவது 70 ஏக்கர் ஓட வேண்டும்.

70 ஏக்கர் ஓட முடியுமா என்றால், முடியும். தை, மாசியில் காலைப் பனி இறங்கியிருக்கும். பதினொரு மணிக்கு முன் வைக்கோல் கட்டும் பதத்துக்கு வராது, மாலையில் மறுபடி நமுத்துவிடும். நல்ல வேலை நேரம் ஆறு மணி. மணிக்கு ஓர் ஏக்கர் என்றால் 12 முழு நாள் வேலை. சம்பா, தாளடி அறுவடைக் காலத்துக்குள் அது அடங்கும். குறுவையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வருவதால் காய்ந்த நாள் எத்தனை கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

மானியத்தைப் பொறுத்தவரை, வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடியின உழவர்களுக்கு 50 விழுக்காடும் மற்றவர்களுக்கு 40 விழுக்காடும், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு வழங்கப்படுகின்றன. 5 ஏக்கருக்கு மேல் இருப்பவர் சிறு உழவர் வரையறைக்குள் வரமாட்டார். உங்கள் மனைவியார் பெண் உழவர் என்ற வகையில், தம் பெயரில் உள்ள நிலத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம். உழவன் செயலியிலும் வேளாண்மைப் பொறியியல் துறையின் அலுவலகத்திலும் பதிவு செய்யலாம். ஆணை வந்த பின்பே இயந்திரத்தை எடுக்க வேண்டும். முன்பணம் கட்டி வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது. மேலும் வைக்கோல் கட்டும் இயந்திரங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. உங்களிடம் சொல்லப்பட்ட விலை பழைய வரியோடு சொன்னதா என்று கேளுங்கள்.

வாங்க நினைக்கும் மாதிரியின் சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். மத்தியப் பிரதேசத்தின் பூத்னி போன்ற அரசுச் சோதனை நிலையங்கள் இயந்திரத்தை வயலில் ஓட்டிப் பார்த்து, மணிக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு வேலை, என்னென்ன பழுது ஏற்பட்டது என்று எழுதுகின்றன. விற்பனைத் தாளின் பக்கத்தில் அதை வைத்துப் படித்தால் பல விஷயங்கள் விளங்கும்.

கூத்தாநல்லூர் எழுதியது:

பொறியாளர் அம்மையாரின் கணக்கு தெளிவானது. ஆனால் அதில் ஒரு பெரிய வரவு விடுபட்டிருக்கிறது. வெண்ணாற்றங்கரை வாங்க நினைப்பதே வைக்கோல் வீணாகிப் போனதால்தான். வாடகை வண்டி வராத ஆண்டில் கட்டுக்கு 40 ரூபாய் மிச்சமாவதில்லை. வைக்கோல் முழுவதும் போகிறது, கோடையில் வெளியே விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது, உளுந்தும் மக்குகிறது. நேரத்தில் கிடைக்கும் இயந்திரத்துக்கு உள்ள மதிப்பைக் கணக்கில் ஏற்றினால் 70 ஏக்கர் என்பது கணிசமாகக் குறையும்.

அதற்காக ஒருவரே வாங்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2017-18இல் தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டத்தில் 100 உழவர்கள் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரப்பட்டது. பல ஊர்களில் அதைக் கொண்டு இயந்திரங்கள் வாங்கினார்கள். உங்கள் ஊரில் அப்படியொரு குழு இன்னும் இயங்கினால், அல்லது அடுத்தடுத்த வயல்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால், ஒரே மடையின் கீழ் உள்ள பரப்பை வரிசையாகக் கட்டி முடிக்கலாம். ஒருவர் வயலைத் தாண்டித்தானே அடுத்தவர் வயலுக்குப் போக வேண்டியிருக்கிறது! யார் வயல் முதலில் என்பதை அறுவடை வரிசைப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டால் உறவு கெடும்.

ஒரத்தநாட்டுக் கட்டுவண்டி எழுதியது:

கூத்தாநல்லூர் அண்ணன் சொல்வதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. கூட்டாக வாங்கிய இயந்திரங்களில் நன்றாக ஓடுபவை, ஒரே ஓட்டுநரிடம் ஒப்படைக்கப்பட்டவை மட்டுமே. ஆளுக்கு ஆள் எடுத்துப்போனால் கிரீஸ் வைக்கும் ஆள் யார் என்பது தெரியாமல் போய், முதல் பருவத்திலேயே செயின் அறுபடும். இயந்திரம் நால்வருடையதாக இருக்கட்டும். கை ஒருவருடையதாக இருக்கட்டும். அவருக்குக் கட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வீட்டிலும் பக்கத்து வயல்காரர்களிடமும் பேசினேன். எங்கள் மடையில் மூன்று குடும்பங்கள் சேர ஒப்புக்கொண்டிருக்கின்றன. எல்லாம் சேர்த்தால் 30 ஏக்கரைத் தாண்டும். மீதிக்குச் சுற்று வட்டாரத்தில் வாடகைக்கு ஓட்டலாம். நான் ஓட்டுவதென்றும் முடிவாகியிருக்கிறது. மனைவி பெயரில் விண்ணப்பம் போடுகிறோம். வாங்குவதற்கு முன் எங்கள் வயலிலேயே ஓட்டிக் காட்டும்படி விற்பனை நிலையத்தில் கேட்டிருக்கிறேன். தாளடி அறுவடையின்போது கொண்டுவர ஒப்புக்கொண்டார்கள். அன்று நான் எதையெதைப் பார்க்க வேண்டும்?

ஒரத்தநாட்டுக் கட்டுவண்டி எழுதியது:

நல்ல முடிவு ஐயா. உங்கள் டிராக்டரிலேயே மாட்டச் சொல்லுங்கள். அவர்களுடைய பெரிய டிராக்டரில் ஓடுவதைப் பார்த்து உங்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் வயல்களில் மிகச் சிறியதில், குறுகலான மூலையில் திருப்பச் சொல்லுங்கள். வரப்பைத் தாண்டும்போது பிக்கப் எவ்வளவு உயரம் தூக்குகிறது, வாய்க்கால் கரையில் இடிக்கிறதா என்று கூடவே நடந்து பாருங்கள். பெல்ட் வண்டி அறுத்த நொறுங்கிய வைக்கோலில் கட்டாயம் ஓட்ட வேண்டும். இயந்திரம் கடந்துபோன இடத்தில் எவ்வளவு கூளம் தங்கியிருக்கிறது என்பதைக் குனிந்து கையால் அள்ளிப் பாருங்கள்.

கட்டுகள் விழத் தொடங்கியதும், தொடர்ந்து விழும் பத்தை எடைபோடுங்கள். தராசு கொண்டுபோக மறக்க வேண்டாம். சராசரி எவ்வளவு என்பதைவிட, கூடியதற்கும் குறைந்ததற்கும் இடைவெளி எவ்வளவு என்பதே முக்கியம். இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் வேறுபட்டால் வாங்குபவர் எடை குறைந்த கட்டைக் காட்டித்தான் விலை பேசுவார். ஓட்டுபவர் ஒரே சீராக ஓட்டியும் அப்படி வந்தால், கட்டு நிறைந்ததை அறிவிக்கும் அமைப்பைச் சரிசெய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு கட்டை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். கயிறு நழுவி ஓரம் பிரிந்தால் ஓரச் சுற்றுகளைக் கூட்ட வேண்டும், அதை எப்படிச் செய்வது என்று உங்கள் கையாலேயே செய்து பழகுங்கள். சுமை மிகும்போது தானே உடைந்து இயந்திரத்தைக் காக்கும் ஷியர் போல்ட் ஒன்றைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அதே அளவுப் போல்ட் நீடாமங்கலத்துக் கடையில் கிடைக்கிறதா என்றும் விசாரித்துவிடுங்கள். அதற்குப் பதிலாகக் கெட்டியான வேறு போல்ட்டைப் போடவே கூடாது. போல்ட் உடையாவிட்டால் கியர்பாக்ஸ் உடையும்.

வால்வு பொருத்தும் வேலையை அதற்கு முன்பே முடித்து வையுங்கள். நாள் குறித்ததும் இங்கே எழுதுங்கள். அந்த வாரம் நான் மன்னார்குடிப் பக்கம் இருந்தால் என் தராசோடு வந்து சேர்கிறேன்.